ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு

வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை,
ஓர் எண்.
அனுமதித் தாளில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில்
ரசலையன் ‘பாசி’ என்று எழுதினான்.
தாவரவியல் வாத்தியாருக்கு அது போதும்.
மின்வாரியத்தில் கணக்கெழுதும் நான்
பேனாவைக் கொஞ்சநேரம் கடித்துவிட்டு
‘மேற்படி’ என்றேன்.

ஐப்பசி இருபது. மழை ஒருநாள் லீவு விட்டிருந்தது.
கீரிப்பாறையில் ரப்பர் வரிசை முடிந்து
கிராம்புத் தோட்டத்தின் கடைசிக் கம்பியும் முடிந்து
தேனெடுக்கப் போனவர்களின் தடம்
ஓர் ஓடையில் இறங்கியது,
அக்கரையில் ஏறவில்லை.

வெட்டோத்தியை உருவிய ரசலையனை
வாட்சர் மல்லன் காணி தடுத்தான்.
எங்களைவிடப் பத்து வயது இளையவன்,
ஒரு காதில் மட்டும் ஹெட்செட்.
“வெட்டாண்டாம். ஒதுக்கிட்டு நுழைங்க.”

அப்படித்தான் நுழைந்தோம்,
தோளால், முழங்காலால், சில இடங்களில் நெற்றியால்.
ஈற்றைக் காட்டில் நூறு மீட்டருக்கு
ஒரு மணிநேரம்.
பிரம்பின் கொக்கி சட்டையைப் பிடித்தால்
முன்னே இழுக்கக்கூடாது;
ஓரடி பின்வாங்கினால்
தானே விட்டுவிடும்.
இதை என் முப்பத்தெட்டாம் வயதில்
ஒரு முள்ளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்,
இரண்டு சட்டைக் கைகளைக் கொடுத்து.

புகையிலைத் தண்ணீரில் ஊறிய காலுறையை
அட்டைகள் மதிக்கவில்லை.

சருகெல்லாம் ஊறிக்கிடந்ததால்
எங்கள் நடைக்கு ஒலியில்லை.
ஆனையின் நடைக்கும் இல்லை என்பது
ஆவி பறக்கும் பிண்டத்தைப் பார்த்தபிறகுதான்
உறைத்தது.
மல்லன் ஹெட்செட்டைக் கழற்றினான்.
நாற்பது நிமிடம்.
மேலே எங்கோ ஒரு கிளை முறிந்தது,
பிறகு இன்னொன்று, சற்றுத் தள்ளி,
பிறகு வெறும் நீர்ச்சொட்டு.
ரசலையன் அந்த நேரத்திலும்
கைக்கெட்டிய மரத்தின் பாசியை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
எனக்கு அவனை அறையவேண்டும்போல் இருந்தது.

உச்சி என்று எதுவும் வரவில்லை.
ஏற்றம் நின்றுபோனது, அவ்வளவே.
எந்தப் பக்கம் கால் வைத்தாலும் இறக்கம்.
இடுப்புயரத்தில் குறுகி நின்ற மரங்கள்,
மேலெல்லாம் பாசிக் கம்பளி.
முக்கடலும் தெரியும் என்று நாகர்கோவிலில் சொன்னவன்
எட்டடித் தொலைவு மூடுபனியைப் பார்த்து
கண்ணாடியைத் துடைத்தான்.
மரச்சீனியைப் பிட்டுத் தின்றோம், மிளகாய்த் துவையலோடு.

பனி ஒருமுறை விலகியது.
அறுபது அடி தள்ளி இன்னொரு மேடு,
இதைவிடச் சற்று உயரமாக.
எழுந்து போனோம்.
அங்கிருந்து பார்த்தால்
நாங்கள் தின்ற இடம்தான் உயரம்.
அவன் திரும்பிப் போனான். நான் நின்றேன்.
“ஷைலா, நீ எனக்குத் தாழ நிக்கா!”
“நீதான் தாழ நிக்கா!”
பாதி நிறைந்த தண்ணீர்ப் போத்தலைக்
கண்ணுக்கு நேரே பிடித்தேன்.
நீர்மட்டம் பொய் சொல்லாது;
ஆனால் கை நடுங்கியது,
நீரும் கூடவே ஆடியது.
நடுவில் உட்கார்ந்திருந்த மல்லனிடம் கேட்டோம்.
“எது ஒசந்தாலும் எனக்கு நாள்படி ஒண்ணுதான்,”
என்று வானத்தைப் பார்த்தான்.
மழை லீவு முடித்துத் திரும்பிவிட்டிருந்தது.

இறங்கியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
பெரும்பாலும் உட்கார்ந்தே இறங்கினேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில்
கணுக்காலில் அட்டைக் கடி இன்னும் கசிந்தது.
காலுறையில் ஒட்டிவந்த ஒரு விதை
மேசைக்கடியில் விழுந்தது,
ரசலையனிடம் காட்டமாட்டேன்.
“ரெண்டு நாளா எங்க போனிய?”
என்றார் பக்கத்து இருக்கை கிறிஸ்துதாஸ்.
எண்ணைச் சொன்னேன்.
“மீட்டர் ரீடிங்கா?”
“ஆமா.”
“சரியா இருக்கா?”
“சந்தேகம்தான் சார்,” என்றேன்,
“மறுக்கா ஒருதடவை போய்ப் பாக்கணும்.”